எங்கள் காரும் பிரேத வண்டியும்

எங்கள் காரை வெளியே எடுப்பதென்றால் ஊரில் யாராவது சாகவேண்டும். கொஞ்ச நாளல்ல, இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் இருந்தது. இதை வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாக நினைத்துவிடாதீர்கள். நான் பெண்பிள்ளைகளுக்குப் பூமிசாத்திரம் படிப்பித்த ஆசிரியை. ஒருவருக்கும் கெடுதல் நினைத்தவளல்ல. என் கணவரைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அந்த நாட்களில் அவர் வயது போனவர்களைத் தெருவில் கண்டால் நின்று, "உடம்பெல்லாம் எப்பிடி ஐயா?" என்று விசாரிப்பார். கேட்கிற குரலில் கொஞ்சம் ஆவல் கூடுதலாகவே இருக்கும்.

வெள்ளைக்காரர்கள் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போன வருடத்தில் கார் எங்களிடம் வந்தது. கடற்படை பங்களாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. கதிரை, அலுமாரி, பியானோ, கிளிக்கூடு, நாய் என்று கண்டதெல்லாம் ஊருக்குள் வந்தது. என் கணவர் துறைமுகப் பண்டகசாலையில் கிளாக்கர். அவரோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோனார்கள். நானும் ஒரு சனிக்கிழமை, "நல்ல அலுமாரி ஒண்டு பாத்துக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பினேன். மத்தியானம் நான்கு பேர் தள்ள, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காருக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தபடி வந்து சேர்ந்தார்.

"அலுமாரி எங்க?"

"அது வித்துப்போச்சு," என்றார்.

அது நான் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்தில் செய்த கறுப்புக் கார். கம்பிச் சில்லுகள், மடித்துவிடக்கூடிய கன்வஸ் கூரை, முன்னால் திடுக்கிட்டுப் பார்க்கிற மாதிரி இரண்டு பெரிய விளக்குகள். வடிவான கார்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். அப்பாவிடம் லொறி இருந்தது. கலியாணத்துக்கு முன்பே கன்னியா வீதியில் ஓட்டிப் பழகியிருந்தேன். ஆக, எங்கள் வீட்டில் காரைத் துடைப்பது அவர், ஓட்டுவது நான் என்று ஆயிற்று. சண்டை வந்தால் அவர் துடைக்கமாட்டார், நான் ஓட்டமாட்டேன்.

காரை விற்ற வெள்ளைக்காரத் துரை கப்பலேறுமுன் ஒரேயொரு புத்திதான் சொன்னாராம்: வெயிலில் விடாதே, மழையில் விடாதே, எப்போதும் கூரைக்குக் கீழே வை. என் கணவர் அதை மந்திரம்போல் பிடித்துக்கொண்டார். எங்கள் வாடகை வீடு ஓர் ஒழுங்கைக்குள் இருந்ததை அவர் அந்த நேரம் யோசிக்கவில்லை. அந்த ஒழுங்கையில் ஒரு கைவண்டி போகும். எதிரே ஆடு வந்தால் இரண்டில் ஒன்று பின்வாங்கவேண்டும். கார் ஒழுங்கை வாசலிலேயே நின்றது.

கடல் காற்று ஒரு கிழமையிலேயே வேலையைக் காட்டியது. மேலெல்லாம் உப்புப் படிந்தது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. அந்த உப்புக்கு மான்கள் வந்தன. எங்கள் ஊரில் மான் தெருவில் திரிவது பெரிய காரியமல்ல. கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து, சந்தைக் குப்பையில் காகிதம் தின்றுவிட்டுப் போகும். அவை இப்போது காலையிலேயே எங்கள் ஒழுங்கை வாசலில் கூடிநின்று, காரை நக்கின. ஒன்று பொனற்றை நக்கும், ஒன்று கதவை நக்கும், குட்டி சில்லை நக்கும். என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடிப்போய் அவற்றை ஆங்கிலத்தில் ஏசுவார். ஏன் ஆங்கிலம் என்று கேட்டேன். "இங்கிலீஸ் கார்தானே," என்றார்.

படங்கு வாங்கி மூடினார். முதல் வாடைக்காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய் மூன்றாம் வீட்டு முருங்கைமரத்தில் போட்டது. அதன்பிறகுதான் கூரை தேடும் படலம் தொடங்கியது.

ஊரில் கராஜ் வைத்திருந்த பெரியவர்கள் கேட்ட வாடகை எங்கள் வீட்டு வாடகையிலும் கூட. அந்தக் காசுக்கு நாங்கள் கராஜில் குடியிருந்து, காரை வீட்டுக்குள் விட்டிருக்கலாம். கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் வியாபாரி, என் அப்பாவின் பழைய கூட்டாளி, தன் நெல்லுக் களஞ்சியத்தில் ஒரு மூலையைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர். "நீங்க நம்மட பிள்ளை மாதிரி, வாடகைக் கதையே கதைக்காதீங்க" என்று சோறு போட்டுத்தான் அனுப்பினார். ஆனால் அங்கே போகப் பாதை ஏறவேண்டும். பாதை என்றால் தெருவல்ல. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றித் தண்ணீருக்கு மேலால் இழுக்கும் மிதவை. காரைப் பார்க்கப் போகிற நாளெல்லாம் அதற்குக் காவலிருந்து, திரும்பி வரவும் காவலிருந்து, கடைசியில் காரில் போன தூரத்தைவிடக் காரிடம் போன தூரம் அதிகமாயிற்று. ஒரு நாள் போனபோது பின் ஆசனத்தில் பூனை ஐந்து குட்டி போட்டிருந்தது. அவை கண் திறக்கும்வரை காரை அசைக்க வியாபாரியின் மனைவி விடவில்லை.

அடுத்தது இறக்கக்கண்டியில் ஒரு சம்மாட்டியின், வள்ளமும் வலையும் வைத்து ஆட்களை நடத்தும் முதலாளியின், வாடி. மீன்பிடிக்காரர்கள் பருவத்தில் வந்து தங்குகிற கிடுகுக் கொட்டகையைத்தான் வாடி என்போம். மாரியில் அது சும்மா கிடக்கும். மழைக்காலம் முழுவதும் கார் அங்கே சுகமாக நின்றது. பருவம் திரும்பியதும் ஆட்கள் வந்து, காருக்கு நேரே மேலே உத்திரத்தில் கருவாட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கன்வஸில் ஊறி ஆசனமெல்லாம் மீனெண்ணெய் வழிந்திருந்தது. சம்மாட்டி எங்கள் முகத்தைப் பார்த்து, "காருக்கு நல்லதுதானே ரீச்சர், எண்ணெய்ப் பிடிப்பு. துருப்பிடிக்காது," என்றார். துருப்பிடிக்கவில்லைதான். ஆனால் அதற்குப் பிறகு நான் காரை எங்கே நிறுத்தினாலும் ஊர்ப் பூனைகள் வந்து சுற்றிவர உட்கார்ந்தன. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இடைவேளைக்கு வெளியே வந்த தலைமையாசிரியை பூனைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இனிமேல் பஸ்ஸில வாங்கோ," என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குப் பெட்டிக்கடை ஞாபகம் வந்தது. நான் தினமும் பள்ளிக்கூடம் போகிற தெருவில் இருந்த கடை. ஊரார் அப்படிச் சொன்னாலும் அங்கே வெற்றிலையும் சோடாவும் விற்கவில்லை, சவப்பெட்டி விற்றார்கள். நடத்தியவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு கத்தோலிக்கப் பெண். புருசன் செத்தபோது கடையிலிருந்ததிலேயே நல்ல பெட்டியில் அவரை அனுப்பிவிட்டு, அடுத்த நாளே கல்லாவில் உட்கார்ந்தவர் என்று சொல்வார்கள். கடைக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதன் வாசலில் பிரேத வண்டியின் மூக்குத் தெரியும்.

நான் உள்ளே போனதும் அவர் எழுந்து, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார்.

"வாங்கோ ரீச்சர். ஆருக்கு? என்ன உயரம்?"

"ஆருக்கும் இல்லை அக்கா. கார் ஒண்டுக்கு இடம் தேடுறன்."

"காருக்குப் பெட்டி அடிச்சுப் பழக்கமில்லையே," என்றார். அப்படியே ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டிகளெல்லாம் அதிரச் சிரித்தார்.

சாயந்தரம் என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தரையைத் தொட்டுப் பார்த்தார், சுவரை முகர்ந்து பார்த்தார். சீமெந்துத் தரை. ஓட்டையில்லாத தகரம். பலகையும் வார்னிசும் மணத்தன. உப்பும் மீனும் பூனையும் இல்லை. அவர் கண்கள் கலங்கிவிட்டன. பிரேத வண்டியை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

"வாடகை எவ்வளவு அக்கா?" என்றேன்.

"பெரிசா ஒண்டும் வேண்டாம். தாறதைத் தாங்கோ. ஆனா ஒரு கதை. நேரம் வரேக்க ரெண்டு பேரும் பெட்டி என்னட்டத்தான் வாங்கவேணும்."

"நாங்கள் சைவக்காரர் அக்கா. எரிக்கிறது."

"எரிக்கிறதுக்கும் பெட்டி வைக்கலாம் ரீச்சர். நல்லா எரியும்."

என் கணவர் நான் வாயைத் திறக்குமுன், "ஓம், ஓம், அதுக்கென்ன," என்று எங்கள் இருவரையும் ஒப்புக்கொடுத்துவிட்டார்.

கொட்டகையில் இருந்த ஒரே குறை அடுத்த கிழமைதான் தெரிந்தது. அதற்கு ஒரேயொரு வாசல். பிரேத வண்டிக்கு எந்த நேரமும் வேலை வரலாம் என்பதால் அது வாசல் பக்கம் நிற்கவேண்டும். எங்கள் கார் உள்ளே, அதற்குப் பின்னால். பிரேத வண்டியோ எங்கள் காருக்கு மூத்தது. தானாக உயிர்பெறாது, நான்கு பேர் தெருவுக்குத் தள்ளி, ஓடவிட்டுத்தான் இயந்திரத்தை எழுப்பவேண்டும். அந்த நான்கு பேரும் செத்தவீட்டு நாளில் மட்டும் வருகிறவர்கள். வந்தால் சாராயம் கொடுக்கவேண்டும்.

"உங்கட உல்லாசத்துக்கெல்லாம் நான் சாராயம் ஊத்த ஏலாது ரீச்சர்," என்று பெட்டிக்கடை அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஆரும் செத்தா வெளியில எடுங்கோ. சாகாட்டி நிக்கட்டும்."

இப்படித்தான் எங்கள் உலாத்தல் ஊராரின் ஆயுளோடு முடிச்சுப்போடப்பட்டது. 

முதல் வாய்ப்பு ஒரு சனிக்கிழமை வந்தது. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் காலமாகி, பத்து மணிக்கு அடக்கம். பிரேத வண்டி போனதும் நாங்கள் காரை எடுத்து, நிலாவெளிக் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். நான் விடியவே எழுந்து சோறும் முட்டைக்கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும் வாழையிலையில் பொதி கட்டினேன். என் கணவர் கடற்கரைக்கென்று வைக்கோல் தொப்பி போட்டிருந்தார்.

பிரேத வண்டி முன்னால் போயிற்று; நாங்கள் பின்னால் போனோம். அந்தத் தெரு ஒடுக்கம். பிரேத வண்டியை முந்திக்கொண்டு போவது மரியாதையல்ல. சந்தியில் திரும்பலாம் என்று பார்த்தால், சந்திக்கு முன்பே செத்தவீடு வந்துவிட்டது. வண்டி நிற்க, நானும் நிறுத்தினேன். அவ்வளவுதான். பின் கதவு திறந்தது. கறுப்பு உடுப்பும் தலையில் கறுப்பு லேஸ் முக்காடுமாக இரண்டு பெண்கள் ஏறிக்கொண்டார்கள். ஒருவர் மெலிந்தவர், மற்றவர் ஏறியதும் கார் ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஓட்டு பிள்ளை," என்று அந்தப் பருத்த அம்மா அழுகைக்கிடையில் சொன்னார்.

பின்னால் சனம் நடந்துவரத் தொடங்கிவிட்டது. பிரேத வண்டி நகர்ந்தது, நானும் நகர்த்தினேன். அவர் என் தோளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு அழுதார். என் கணவர் மெல்லத் தொப்பியைக் கழற்றி, மடியிலிருந்த சோற்றுப் பொதிக்கு மேலே வைத்தார்.

கொஞ்சத் தூரம் போனதும் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. "தம்பி, நீர் அவருக்கு என்ன முறை?"

"கிட்டின ஆக்கள்தான் அம்மா," என்றார் என் கணவர். "அவரின்ர வண்டியும் எங்கட வண்டியும் ஒரு இடத்தில இருந்துதான் வந்தது."

அம்மாவுக்கு இது போதுமாயிருந்தது. "அவருக்கு எல்லா இடமும் ஆக்கள்," என்று இன்னும் சத்தமாக அழுதார்.

சேமக்காலைவரை நடைவேகத்தில் போனோம். கத்தோலிக்கர் தங்கள் இடுகாட்டை அப்படித்தான் சொல்வார்கள். அடக்கத்துக்கும் நின்றோம், இடையில் கழன்று போகிற மாதிரி இல்லை. எல்லாம் முடிந்து சனம் கலைந்தபோது மத்தியான வெயில். அந்த அம்மா மதிலோரம் வேப்பமர நிழலில் களைத்துப்போய் உட்கார்ந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். நான் பொதியை அவிழ்த்தேன். நால்வரும் அங்கேயே சாப்பிட்டோம். அவர் இறந்தவரின் மச்சாள் என்றும், முப்பது வருடமாக அவரோடு பேச்சுவார்த்தை இல்லையென்றும், காரைக் கண்டதும் நடக்க அலுப்பில் ஏறிவிட்டதாகவும் அப்போதுதான் சொன்னார். "முட்டைக்கறி நல்லாயிருக்கு பிள்ளை. கொஞ்சம் உப்புத்தான் கூட," என்றார். அவர் அழுத கண்ணீரில் பாதி என் தோளில் இருந்தது. உப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று முதல் ஊரில் எங்கள் காருக்கு ஒரு பதவி கிடைத்தது. கொஞ்சம் வசதியானவர்கள் பெட்டிக்கடைக்கு வந்தால், "அந்த ரெண்டாங் காரும் வருமோ?" என்று கேட்டார்கள். பெட்டிக்கடை அக்கா எங்களிடம் வாடகை வாங்குவதை அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார். என் கணவர் கழுத்தில் கட்டக் கறுப்பு ரை ஒன்று வாங்கினார். கடற்கரைக்கு நாங்கள் போகவேயில்லை. ஆனால் சேமக்காலைக்கும் கடலுக்கும் தூரமில்லை என்று அவர் சொல்லிக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், என்னோடு படிப்பித்த திரியாய்க்கார ஆசிரியை ஒருத்தி ஓய்வறையில் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள். தம்பிக்குக் கலியாணம். மாப்பிள்ளையைக் காரில் கூட்டிப்போக ஆசை. வாடகைக் கார் பிடிக்க வசதியில்லை.

"எங்கட கார் நிக்கிற இடம் தெரியும்தானே?" என்றேன்.

"தெரியும். எங்கட ஊரில ஆருக்குத் தெரியும்? நீங்கள் வாயைத் திறக்காட்டிச் சரி."

"சாமி கோவிக்காதோ?"

"மஞ்சள் தண்ணியில கழுவிக்கொண்டு வாங்கோ. சாமியோட நான் கதைக்கிறன்."

நான் சம்மதித்துவிட்டேன். கலியாணம் பங்குனியில். பிரச்சினை என்னவென்றால், மாசி பிறந்ததிலிருந்து ஊரில் ஒருவரும் சாகவில்லை. நாங்கள் காத்திருந்தோம். கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது என் கணவர் வேலையால் வந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, சோர்ந்துபோய் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில விசாரிச்சனான். எல்லாரும் நல்லாயிருக்கினம்," என்றார்.

வேறு வழியில்லாமல், சாராயத்தை நாங்களே வாங்கிக்கொடுப்பதென்று பெட்டிக்கடை அக்காவிடம் பேசி முடித்தோம். கலியாணத்துக்கு முதல் நாள் காலை நான்கு பேரும் வந்தார்கள். வெறும் வண்டியை எடுக்கச் சொன்னதில் அவர்களுக்குக் குழப்பம். ஆனாலும் தொண்டையை முதலில் நனைத்துக்கொண்டார்கள். வண்டியைத் தெருவுக்குத் தள்ளி, என் கார் வெளியே வந்ததும் திரும்ப உள்ளே தள்ளுவது. ஐந்து நிமிட வேலை. ஸ்டியரிங்கைப் பிடிக்க மட்டும் ஒருவர் வேண்டும்; வண்டிச் சாரதி செத்தவீட்டுக்கு மட்டும்தான் வருவார். நான் எங்கள் காரில். ஆகவே என் கணவரை ஏற்றினோம்.

தெரு கடற்பக்கம் சற்றுச் சரிவு. இது எனக்குத் தெரியும், பெட்டிக்கடை அக்காவுக்குத் தெரியும், அந்த நான்கு பேருக்கும் தெரியும். அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. வாசலைத் தாண்டியதும் அவர்கள் வழக்கம்போல் வலுவாக ஒரு தள்ளுத் தள்ளினார்கள். பிரேத வண்டி மெதுவாகத் திரும்பி, கடலை நோக்கிப் புறப்பட்டது.

"பிறேக்! பிறேக்!" என்று கத்தினேன்.

"எது பிறேக்?" என்று அவர் திரும்பிக் கேட்டார்.

வேகமென்று சொல்லமுடியாது. பக்கத்தில் நடந்து போகலாம். நான்கு பேரும் அப்படித்தான், என்ன செய்வதென்று தெரியாமல் மரியாதையாகப் பக்கத்தில் நடந்தார்கள். என் கணவர் தேத்தண்ணிக் கடையைத் தவிர்த்தார், மாட்டுவண்டியைத் தவிர்த்தார், தபால்பெட்டியைத் தவிர்த்தார். பிறகு வண்டி தானாகவே ஓரம்கட்டி, பெரிய வாகைமரத்துக்குக் கீழே ஒரு வீட்டு வாசல் படலைக்கு நேரே நின்றது. வாழ்நாளில் அவர் ஓட்டிய அதிக தூரம் அதுதான்.

அந்தப் படலை ஒரு பழைய பிரக்கிராசியாருடையது. பிரக்கிராசி என்றால் கோட்டில் வழக்குப் பேசுகிறவர். ஊரில் பாதிப்பேருக்கு வழக்குப் போட்டுக் கொடுத்தவர், மற்றப் பாதிப்பேர்மீது போட்டவர். பெண்சாதி இல்லை, சமையலுக்கு ஒரு மனிசி மட்டும். ஒரு கிழமையாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று ஊருக்கே தெரியும்.

ஏற்றத்தில் திரும்பத் தள்ள நான்கு பேர் போதாது, அதுவும் நனைந்த நான்கு பேர். இன்னும் ஆட்களைப் பிடிக்கப் போனார்கள். நான் அதற்கிடையில் எங்கள் காரை எடுத்து, கடை வாசலில் நிறுத்தி, வாளியில் மஞ்சளைக் கரைத்துக் கழுவத் தொடங்கினேன். பெட்டிக்கடை அக்கா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினார். அப்போதுதான் மாதா கோயில் மணி கேட்டது. ஒவ்வொன்றாக, இடைவிட்டு இடைவிட்டு. துக்க மணி.

"அக்கா, ஆரோ செத்திட்டினம் போல," என்றேன்.

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சரிவைப் பார்த்தார். "ஐயோ என்ர மாதாவே," என்றார். "மணியடிக்கிறவன் வண்டியைக் கண்டிட்டான்."

பிறகு எல்லாம் தன்பாட்டில் நடந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர் கதவை அரைவாசி சாத்தினார். ஒரு பெண் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள். இரண்டு கிளாக்கர்மார் சைக்கிளிலிருந்து இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்தார்கள். யாரோ வெள்ளைத் துணியும் கொண்டுவந்துவிட்டார்கள். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் படலைக்கு வெளியே முப்பது நாற்பது பேர். என் கணவர் இன்னும் பிரேத வண்டிக்குள்தான் இருந்தார். இறங்கினால் உருளுமோ என்று பயமாம். வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அவரும் கொடுத்தார்.

"நல்ல மனிசன்," என்றார் ஒருவர்.

"எங்க நல்ல மனிசன்?" என்றார் அரிசிக் கடை முதலாளி, குரலைத் தாழ்த்தாமல். "வேலி ஒரு சாண் தள்ளிப் போட்டனெண்டு என்னைப் பதினொரு வருசம் கோட்டுக்கு இழுத்தவர். கடைசியில வேலியும் இல்லை, இப்ப அவரும் இல்லை."

கதவு திறந்தது. சாரமும் பெனியனும் கழுத்தில் சுற்றிய சால்வையுமாகப் பிரக்கிராசியார் வெளியே வந்து படியில் நின்றார். கொண்டுவந்த வெள்ளைத் துணி கீழே விழுந்தது. யாரோ ஒரு பெண் "யேசுவே!" என்றாள்.

அவர் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அரிசிக் கடை முதலாளியிடம் வந்ததும் கொஞ்சம் கூடுதலாக நின்றார்.

"எல்லாரும் வந்திருக்கிறியள். சந்தோசம்," என்றார். "இருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

ஒருவரும் இருக்கவில்லை. அவ்வளவு சனம் அவ்வளவு விரைவாகக் கலைந்ததை நான் கண்டதில்லை. கடைசியில் பெட்டிக்கடை அக்கா, நான், வண்டிக்குள் என் கணவர், மூவரும்தான் மிஞ்சினோம். பிரக்கிராசியார் விரலால் எங்களைக் கூப்பிட்டார். கோட்டுக்குப் போகாமலே எங்கள் விளக்கம் தொடங்கியது.

"இந்த வண்டி என்ர வாசலுக்கு ஏன் வந்தது?"

"தானா உருண்டு வந்தது ஐயா," என்றேன்.

"தானா நடந்ததெண்டு எனக்குக் கனபேர் சொல்லியிருக்கினம். ஓட்டினது ஆர்?"

"நான்தான் ஐயா," என்றார் என் கணவர் வண்டிக்குள்ளிருந்தே. "ஆனா எனக்கு ஓட்டத் தெரியாது."

"அது தெரிஞ்சுது."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கார், மான், கருவாடு, பூனை, கொட்டகை, கலியாணம். அவர் கடைசிவரை கேட்டார். கருவாட்டுக்கு மட்டும் மீசை அசைந்தது.

"அப்ப, நீங்கள் கார் எடுக்கிற நேரமெல்லாம் இந்த வண்டி வெளியில வரும்?"

"ஓம் ஐயா."

"வந்தா உருளும்?"

"பிறேக் கொஞ்சம் பழுது," என்றார் பெட்டிக்கடை அக்கா. "திருத்த யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"எப்ப தொடக்கம்?"

"என்ர மனிசன் செத்த நாள் தொடக்கம்."

பிரக்கிராசியார் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "என்ர வீட்டு வளவுக்க கார்க்கொட்டில் ஒண்டு சும்மா கிடக்கு. ஓட்டுக் கூரை. ரெண்டு பக்கமும் கதவு. உங்கட காரை அங்க கொண்டுவந்து விடுங்கோ. இந்த வண்டி இனி என்ர வாசலுக்கு என்ர விசயத்துக்கு மட்டும் வந்தாப் போதும், அதுவும் அவசரமில்லாம வரட்டும்."

என் கணவர் பிரேத வண்டியிலிருந்து குதித்து இறங்கிவிட்டார். நல்லகாலம், அது அசையவில்லை. "வாடகை ஐயா?"

"வாடகை வேண்டாம். காய்ச்சல் விட்டதும் ஞாயிற்றுக்கிழமையில என்னை ஒருக்கா ஊருக்குச் சுத்திக் காட்டவேணும்."

பெட்டிக்கடை அக்காவுக்கு இரண்டாங் கார் போவதில் மனவருத்தம்தான். "போங்கோ ரீச்சர், உங்களுக்கு நல்லதுதானே," என்றார். "ஆனா பெட்டி விசயத்தில சொன்ன சொல்லுச் சொன்னதுதான்."

கலியாணம் நன்றாக நடந்தது. திரியாயில் மணலில் சில்லுப் புதைந்து, மாப்பிள்ளையே இறங்கித் தள்ளவேண்டி வந்தது, மற்றப்படி குறையில்லை. காரில் சாம்பிராணி வாசம் அடிக்கிறது, தெய்வகடாட்சம் உள்ள கார் என்று பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் தோழி என் பக்கம் திரும்பவேயில்லை.

அடுத்த கிழமை பிரக்கிராசியாரின் கொட்டிலைத் துப்புரவாக்கினோம். உடைந்த கதிரைகளையும் கறையான் தின்ற வழக்குக் கட்டுகளையும் அள்ளி வெளியே போட்டோம். என் கணவர் தரையைக் கழுவி, காய்ந்ததும் வெறுங்காலோடு நடந்து பார்த்தார். கார் உள்ளே போயிற்று. முன் கதவால் போய்ப் பின் கதவால் வரலாம். யாருடைய உயிரும் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் பார்த்துப் பிரக்கிராசியார் வெள்ளைக் கோட்டு, பொத்தானில் ஒரு பூ, தலையில் தொப்பி என்று வந்து முன் ஆசனத்தில் ஏறினார். என் கணவர் பின்னால். கன்வஸ் கூரையை மடிக்கச் சொன்னார்.

"வெயில் படும் ஐயா," என்று என் கணவர் முனகினார்.

"படட்டும். என்னைப் பாக்கவேணும்."

கோயில் வாசலில் நிறுத்தச் சொன்னார். மணியடிக்கிறவன் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். தேத்தண்ணிக் கடையில் நிறுத்தச் சொன்னார். கடைக்காரர் பிளேன்ரீயைக் காருக்கே கொண்டுவந்து கொடுத்தார். கடற்கரை வீதியால் போனோம், சந்தையைச் சுற்றினோம். அன்றைக்குத் துக்கத்துக்கு வந்தவர்கள் வீட்டு வாசலிலெல்லாம் தொப்பியைத் தூக்கினார். வராதவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, "எனக்குக் காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டனீங்களோ?" என்று சத்தமாக விசாரித்தார். கடைசியில் அரிசிக் கடை முதலாளியின் வீடு.

"ஹோர்னை அடி பிள்ளை."

அடித்தேன். 

"இன்னொருக்கா அடி."

முதலாளி முகத்தில் பாதி சவர்க்கார நுரையோடு, சவரக் கத்தியும் கையுமாக வெளியே வந்தார். பிரக்கிராசியார் தொப்பியைத் தூக்கி, நெடுநேரம் சிரித்தார். முதலாளி நுரையைத் துடைக்கவும் மறந்து நின்றார். நான் கியரை மாற்றினேன்.

"மெதுவா, பிள்ளை, மெதுவா," என்றார் பிரக்கிராசியார். "பக்கத்து வீட்டில இன்னும் ஆரும் வெளியில வரயில்லை."